“இந்த வயசுல எதுக்கு டாக்டர் இன்னொரு ஊசி?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

வீட்டுப் பெரியவர்களுக்காக முடிவெடுக்கும் மகன்களே, மகள்களே, மருமக்களே,

உங்கள் அப்பாவுக்கோ மாமியாருக்கோ எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். காரணம், எழுபதைக் கடந்தவர் மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் அவர் பேசுவதில்லை. உடன் வந்தவர்தான் பேசுகிறார். எந்த மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி, எப்போது ஸ்கேன், ஊசி வேண்டுமா வேண்டாமா, எல்லாம் நீங்கள் சொல்வதுதான். அந்தப் பொறுப்பை நீங்கள் அன்பினால்தான் சுமக்கிறீர்கள். பொதுநல மருத்துவராக அதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் கொரோனா பூஸ்டர் என்று வந்துவிட்டால் அதே அன்பு பெரியவர்களுக்குப் பாதகமாக முடிவதையும் பார்த்திருக்கிறேன். “ரெண்டு போட்டாச்சு டாக்டர், அது போதாதா? போட்டவங்களுக்கும் வரத்தானே செய்யுது? இந்த வயசுல இன்னொண்ணு போட்டா தாங்குவாங்களா?” 2022 முதல் இதை எத்தனையோ குரல்களில் கேட்டுவிட்டேன். மூன்றுமே நியாயமான கேள்விகள். விரிவாகப் பதில் சொல்லாமல் நாங்கள் கடந்துபோனது தவறு.

முதலில் ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்கிறேன். முதியவர்களும் பூஸ்டரும் என்ற பேச்சில் உலகம் கண்ட மிகத் தெளிவான, மிகக் கொடுமையான பாடம் அதுதான்.

ஏறத்தாழ 74 லட்சம் பேர் வாழும் நகரம். 2020, 2021 என்ற இரண்டு ஆண்டுகளில் அங்கே கொரோனாவால் இறந்தவர்கள் 213 பேர் மட்டுமே. எல்லைகளை மூடி, வந்தவர்களை வாரக்கணக்கில் தனிமைப்படுத்தி, நோயை வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். தடுப்பூசிக்கும் குறைவில்லை. 2021 பிப்ரவரி கடைசியில் சினோவாக், மார்ச்சில் பயோன்டெக் என்று இரண்டு ஊசிகளையும் இலவசமாகப் போடத் தொடங்கிவிட்டார்கள். இளைஞர்களும் நடுவயதினரும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் மட்டும் அந்த ஆண்டு முடியும்வரை ஒரு தவணைகூடப் போடவில்லை. முதியோர் இல்லங்களில் நிலைமை இன்னும் மோசம். ஏன் என்று கேட்டால், நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்விகள்தான். வயதானவர், சர்க்கரை இருக்கிறது, இதயம் பலவீனம், ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? நோய்தான் ஊருக்குள்ளேயே இல்லையே, பொறுத்துப் பார்ப்போம் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். சில மருத்துவர்களும் அப்படியே சொன்னார்கள். 2021 மார்ச்சில் ஊசிக்குப் பின் நேர்ந்த சில மரணங்கள் பெரிய செய்தியாயின. ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பிறகு சொன்னது. ஆனால் பயம் அதற்குள் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் என்ற உருமாற்றம் உள்ளே வந்தது. ‘லேசானது, சளி மாதிரி வந்து போய்விடும்’ என்று நம் ஊரிலும் பேசப்பட்ட அதே ஒமைக்ரான். பிப்ரவரி குளிரில், ஆஸ்பத்திரிகளுக்குள் இடமில்லாமல் வெளியே திறந்தவெளியில் போடப்பட்ட கட்டில்களில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த முதியவர்களின் படங்களை உலகமே பார்த்தது. சில மாதங்களில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மார்ச் மாதத்தில், மக்கள்தொகைக் கணக்கில், உலகிலேயே அதிக மரணங்கள் நிகழ்ந்த இடங்களில் ஒன்றாக ஹாங்காங் இருந்தது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து மார்ச் 21 வரையிலான இறப்புகளை ஆராய்ந்தபோது 96 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரு தவணைகூடப் போடாதவர்கள்.

ஏறக்குறைய அதே மாதங்களில், அதே ஒமைக்ரான் நியூசிலாந்துக்குள்ளும் வந்தது. அதுவும் இரண்டு ஆண்டுகள் நோயை வெளியே நிறுத்திய நாடு. ஆகவே அங்கும் மக்களுக்குப் பழைய தொற்றினால் வந்த எதிர்ப்பு என்று ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தார்கள், பூஸ்டரும் போட்டிருந்தார்கள். தொற்று அங்கும் லட்சக்கணக்கில் பரவியது. மரணம் ஹாங்காங்கின் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு ‘ஒமைக்ரான் லேசானது’ என்று என்னால் சொல்ல முடிவதில்லை. ஊசி போட்ட உடம்புக்கு அது லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹாங்காங் ஆய்வாளர்கள் அந்த அலையிலிருந்து இன்னொன்றையும் கணக்கிட்டார்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதில் இருக்கிறது. 60 வயதைக் கடந்தவர்களில், இரண்டு தவணை சினோவாக் போட்டவர்களுக்குத் தீவிர நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. இரண்டு தவணை பயோன்டெக்குக்கு 89. மூன்றாவது தவணை போட்டவர்களுக்கு எந்த ஊசியானாலும் 98ஐ ஒட்டி வந்தது. எழுபதுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் உள்ள தூரத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். நூறு பேருக்கு ஆபத்து என்ற இடத்தில் ஒன்றில் முப்பது பேர் விழுகிறார்கள், மற்றொன்றில் இரண்டு பேர். சினோவாக் என்பது வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. நம் கோவாக்சினும் அந்த வகைதான். இரண்டும் வேறு வேறு தயாரிப்புகள் என்பதால் அதே எண்கள் இங்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதியவர்களுக்கு இரண்டு தவணையோடு நிறுத்துவது பாதியில் நிறுத்துவது என்பதை அந்த எண்கள் உரக்கச் சொல்கின்றன. 2021 இறுதியிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு, இவ்வகைச் சீன ஊசிகளைப் போட்ட 60 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்றாம் தவணையை அடிப்படைத் தவணையாகவே கருத வேண்டும் என்று சொல்லியிருந்தது.

வயதானவர்களுக்கு ஏன் கூடுதல் தவணை? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. புதிய எதிரியை அடையாளம் காணும் டி செல்கள் பக்குவமாவது அங்கேதான். இளமையிலேயே அது சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடுகிறது. ஆகவே எழுபது வயது உடம்பில் இதுவரை பார்க்காத வைரஸை முதல்முறை பார்த்துப் புரிந்துகொள்ளும் செல்கள் குறைவு. முதல் ஊசிக்கு அந்த உடம்பு தரும் பதில் பலவீனமாக இருக்கும், சீக்கிரம் வடிந்தும் போகும். ஆனால் ஒருமுறை கற்றதை மீண்டும் நினைவூட்டினால் அது நன்றாகவே பதில் சொல்கிறது. பூஸ்டரின் வேலை அதுதான். இறங்கிவிட்ட ஆன்டிபாடி அளவை ஏற்றுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு நினைவூட்டலிலும் நினைவு செல்கள் தங்கள் பிடியைக் கூர்மையாக்கிக்கொள்கின்றன. கொஞ்சம் மாறி வரும் வைரஸையும் பிடிக்கக்கூடிய ஆன்டிபாடிகள் அதில் உருவாகின்றன.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. போட்டவர்களுக்கும் வருகிறதே?

வருகிறது. வராது என்று சொன்னவர்கள் மிகையாகச் சொன்னார்கள். வைரஸின் மேற்புறத்தில் இருக்கும் கூர்ப்புரதத்தில்தான் ஆன்டிபாடிகள் ஒட்டுகின்றன. ஒமைக்ரான் வந்தபோது அந்தப் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் நுழையாமல் தடுக்கும் ஆன்டிபாடிகள் பல அந்த மாற்றங்களால் ஏமாந்துவிட்டன. டி செல்கள் அப்படி ஏமாறவில்லை. அவை புரதத்தைப் பல துண்டுகளாகப் பார்க்கின்றன. சில துண்டுகள் மாறினாலும் மீதித் துண்டுகள் அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். தொற்று வந்த பிறகு அது நுரையீரலுக்கு இறங்கி மூச்சைப் பறிப்பதைத் தடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

இஸ்ரேலில் இது எண்களாகவே தெரிந்தது. 2021 ஜூலை 30இல் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்றாம் தவணையை அவர்கள் தொடங்கினார்கள். அப்போது ஒமைக்ரானுக்கு முந்தைய டெல்டா உருமாற்றம் பரவிக்கொண்டிருந்தது. போட்ட பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு, மூன்றாம் தவணை போட்டவர்களுக்குத் தீவிர நோய் வரும் வீதம், போடாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக இருந்தது. பிறகு ஒமைக்ரான் வந்தது. 2022 ஜனவரியில் நான்காம் தவணை. இம்முறை கதை வேறு. மூன்று தவணையோடு நின்றவர்களைவிட நான்கு போட்டவர்களுக்கு நான்காம் வாரத்தில் தொற்று பாதியாகக் குறைந்திருந்தது. எட்டாம் வாரத்தில் அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்தேவிட்டது. ஆனால் தீவிர நோய் நான்காம் வாரத்தில் மூன்றரை மடங்கு குறைவாக இருந்தது, ஆய்வு நடந்த ஆறு வாரங்களிலும் அது குறையவில்லை. ஊசி போட்ட அப்பாவுக்கு இரண்டு மாதத்தில் கொரோனா வந்து, நான்கு நாள் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றால், நீங்கள் அதை ஊசியின் தோல்வி என்கிறீர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அவர் வராமல் போனதை நான் ஊசியின் வெற்றி என்கிறேன்.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களிடம் நேர்மையாக இருந்ததாகாது. 50 வயதைக் கடந்தவர்களில் பூஸ்டர் போட்டவர்களின் கொரோனா மரணம் 90 விழுக்காடு குறைந்தது என்று இன்னோர் இஸ்ரேல் ஆய்வு சொன்னது. அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஊசி மையத்துக்குத் தானாக வந்து போட்டுக்கொள்ளும் முதியவர் பெரும்பாலும் வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைவிடத் திடமானவர், உடம்பைப் பேணுகிறவர். ஊசி இல்லாமலேயே அவருக்கு ஆபத்து சற்றுக் குறைவு. இதை விமரிசகர்கள் சுட்டிக்காட்டினார்கள், அதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு கழித்தாலும் பலன் பூஜ்யமாகாது என்பதற்கு ஹாங்காங்கும் நியூசிலாந்தும் சாட்சி.

இப்போது மிகவும் குழப்பும் இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2024-25 பருவத்தில் புதுப்பிக்கப்பட்ட ஊசி 65 வயதைக் கடந்தவர்களை ஆஸ்பத்திரி சேர்க்கையிலிருந்து எவ்வளவு காத்தது என்று பார்த்தபோது 45, 46 விழுக்காடு என்று வந்தது. “முன்பு 98 என்றீர்கள், இப்போது 45 என்கிறீர்கள், ஊசி பாதியாகக் கெட்டுவிட்டதா?” என்று செய்தி படித்துவிட்டு வந்து ஒருவர் கேட்டார். அருமையான கேள்வி. இரண்டு எண்களும் வேறு வேறு ஆட்களோடு ஒப்பிட்டவை. ஹாங்காங்கில் ஒப்பிடப்பட்டவர்கள் ஊசியும் இல்லாமல், தொற்றும் வராமல், வெறும் உடம்போடு நின்றவர்கள். 2024இல் ஒப்பிடப்பட்டவர்கள் ஏற்கெனவே பல தவணை போட்டு, ஒன்றிரண்டு முறை தொற்றும் வந்து தேறியவர்கள். அந்த எதிர்ப்பின் மேல் புதிய ஊசி இன்னும் எவ்வளவு சேர்க்கிறது என்பதுதான் 45. அப்படிப் பார்த்தால் அது சிறிய எண் அல்ல. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் அதே பருவத்து ஊசியைப் பற்றி நடந்த ஆய்வில், அவசர சிகிச்சைக்கு வருவது 29 விழுக்காடும், ஆஸ்பத்திரியில் சேர்வது 39 விழுக்காடும், மரணம் 64 விழுக்காடும் குறைந்தன. நோய் கடுமையாகக் கடுமையாக ஊசியின் பலன் கூடுவதைக் கவனியுங்கள். வேறு வேறு நாடுகளில், வேறு வேறு ஊசிகளில், வேறு வேறு உருமாற்றங்களில் இந்த வரிசை மட்டும் மாறவே இல்லை.

பலன் மாதங்களில் தேய்கிறது என்பதும் உண்மை. ஐப்பசி மழைக்கு முன் ஏரிக்கரையைப் பலப்படுத்துகிறோம், போன வருடம் கட்டிய கரைதானே என்று விட்டுவிடுவதில்லை. பூஸ்டரும் அந்த வகைக் காரியம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், மிக முதியவர்களுக்கும் கடுமையான இணைநோய் உள்ள முதியவர்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு மாத இடைவெளியிலும் என்று பரிந்துரைத்தது. திடமாக இருக்கும் இளைஞர்களுக்குத் தொடர்ந்து போட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பிரிட்டன் 2025 இலையுதிர் காலத்தில் வரம்பை 75 வயதாகவே உயர்த்திவிட்டது. பலன் எங்கே அதிகமோ அங்கே ஊசி என்ற கணக்கு அது. ‘எல்லோருக்கும் நிறுத்திவிட்டார்கள்’ என்று வாட்ஸப்பில் சுற்றிய செய்தியில் உங்கள் அம்மாவின் வயது விடுபட்டுப்போனது.

மூன்றாவது கேள்வி: தாங்குவாரா?

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். இரண்டே நாளில் மாரடைப்பால் போய்விட்டார். தமிழ்நாட்டில் அந்த ஒரு துக்கம் எத்தனை பெரியவர்களின் ஊசியை நிறுத்தியது என்பதைக் களத்தில் நின்ற ஒவ்வொரு செவிலியரும் சொல்வார். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று, ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. அது பத்திரிகையின் ஒரு மூலையில் வந்தது. ஹாங்காங்கில் நடந்ததேதான் இங்கும் நடந்தது.

உண்மையான பக்கவிளைவுகள் இல்லை என்று சொல்லவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியில் மிக அரிதாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் பாதிப்பு உண்டு. அது கூடுதலாகத் தெரிந்தது இளம் வயதினரிடம், பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின். பயோன்டெக் போன்ற எம்ஆர்என்ஏ ஊசியில் வரும் இதயத்தசை அழற்சி முக்கியமாகப் பதின்ம வயது, இளவயது ஆண்களைத் தாக்கியது. ஊசிக்கு மறுநாள் வரும் காய்ச்சலும் உடம்புவலியும்கூட முதியவர்களுக்கு இளைஞர்களைவிடக் குறைவாகவே வருகின்றன. வயது கூடக் கூட நோயின் ஆபத்து ஏறுகிறது, ஊசியின் தொல்லை இறங்குகிறது. நீங்கள் பயந்தது தலைகீழான கணக்கு. இதற்கு விதிவிலக்கும் உண்டு. வாழ்வின் கடைசி வாரங்களில் இருப்பவர், எழுந்து உட்காரவும் முடியாதபடி தளர்ந்தவர், முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர். இவர்களுக்கு ஊசி வேண்டாம் என்பதும் நல்ல மருத்துவம்தான். அந்த முடிவை அவரைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் எடுக்கட்டும்.

நம் நாட்டில் என்ன செய்தோம்? 2022 ஜனவரி 10 அன்று ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்ற பெயரில், இணைநோய் உள்ள 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தொடங்கினார்கள். மார்ச் 16 முதல் 60 கடந்த எல்லோருக்கும். ஜூலை 15 முதல் 75 நாட்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பிய அனைவருக்கும் இலவசம். தமிழ்நாட்டில் மெகா முகாம்கள் நடத்தி, தெருத்தெருவாக அழைத்தார்கள். இரண்டாம் தவணையை நாடு முழுவதும் 95 கோடிப் பேர் போட்டார்கள். மூன்றாவதைப் போட்டவர்கள் 23 கோடிக்கும் குறைவு. கூட்டம் வடிந்திருந்தது, பயம் வடிந்திருந்தது. பெரியவர்களை முகாமுக்குக் கூட்டிவர வண்டி எடுக்க வேண்டிய நாம் எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருந்தோம்.

கொள்கையிலும் குறை இருந்தது என்றே நினைக்கிறேன். தொடக்கத்தில் முதலில் போட்ட அதே ஊசியைத்தான் மூன்றாவதாகவும் போட வேண்டும் என்றார்கள். வேலூர் சி.எம்.சி. நடத்திய ஆய்வில், கோவாக்சின் இரண்டு போட்டவர்களுக்கு மூன்றாவதாகக் கோவிஷீல்டு போட்டபோது ஆன்டிபாடி அளவு, மூன்றாவதும் கோவாக்சினே போட்டவர்களைவிடப் பல மடங்கு கூடியது. அந்த வழியை முதியவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கலாம். 2022 ஆகஸ்டில் கோர்பிவேக்ஸை மட்டும் மாற்று ஊசியாக அனுமதித்தார்கள். ஒமைக்ரானுக்கென்று புணேயில் உருவான எம்ஆர்என்ஏ ஊசி 2023 ஜூனில் அனுமதி பெற்றது. அது நம் தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

வைரஸ் நிற்கவில்லை. 2023 டிசம்பரில் ஜேஎன்.1 என்ற உருமாற்றம் கேரளத்தில் கண்டறியப்பட்டது. 2025இல் என்பி.1.8.1 தமிழ்நாட்டிலும் எல்எஃப்.7 குஜராத்திலும் தெரிந்தன. அந்த ஜூனில் நாட்டில் சிகிச்சையில் இருந்தவர்கள் 7,000ஐத் தாண்டினார்கள். பெரிய அலையாக எழவில்லை, ஏனென்றால் ஊசியாலும் பழைய தொற்றாலும் பெரும்பாலோருக்கு ஓரளவு எதிர்ப்பு இருந்தது. ஆனால் இறந்தவர்கள் பட்டியலில் மீண்டும் முதியவர்கள், இணைநோய் உள்ளவர்கள். உங்கள் வீட்டில் கடைசித் தவணை 2021இலோ 2022இலோ போட்டவர் இருந்தால், அந்த ஊசி அவருக்குத் தந்த ஆன்டிபாடி எப்போதோ தேய்ந்திருக்கும். நினைவு செல்கள் இருக்கும். எண்பது வயதில் அந்த நினைவு எவ்வளவு விரைவாக எழும் என்பதுதான் கவலை.

ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன், அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாள் குறித்துக் கூப்பிடுகிறார்கள். எழுபது வயதுக்கு அப்படி ஒன்றும் இல்லை. உருமாற்றத்துக்கு ஏற்பப் புதுப்பித்த கொரோனா ஊசியும், ஆண்டுதோறும் மாறும் இன்ஃப்ளூயன்சா ஊசியும், நிமோனியா ஊசியும் அரசு மருத்துவமனைகளில் முதியவர்களுக்கு இலவசமாக வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் குடியிருப்போர் சங்கம் கேட்கட்டும், ஓய்வூதியர் சங்கங்களோடு சேர்ந்து கேளுங்கள். மருத்துவர்கள் கேட்டால் அது பரிந்துரை. வாக்களிக்கும் குடும்பங்கள் கேட்டால் அது திட்டமாகும்.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. பெரியவர் எந்த ஊசியை எந்த மாதம் போட்டார், தொற்று எப்போது வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அவருடைய மருத்துவக் கோப்பில் வையுங்கள். அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் பேசி முடித்தபின் ஊசிகளைப் பற்றியும் நீங்களே பேச்செடுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் நேரமின்மையால் அதை விட்டுவிடுகிறோம். இன்ஃப்ளூயன்சா ஊசியும் நிமோனியா ஊசியும் தனியார் மருத்துவமனைகளில் இப்போதே கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் போட்டுவிடுவது நல்லது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவர் பெரியவரின் அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் போக வேண்டாம். பெரியவருக்கே காய்ச்சலும் இருமலும் வந்தால் ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று காத்திருக்காமல் அன்றே பரிசோதியுங்கள். கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை அறிகுறி தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்தமுறை அவரைக் கூட்டி வரும்போது, ஊசி வேண்டுமா என்று நான் கேட்டால், ஒரு நிமிடம் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவரே சொல்லட்டும். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பொதுநல மருத்துவர்களில் ஒருவர்